சிஎம்எஸ் எடுக்குறதுக்கு முன்னாடி வெளிய போற வழியப் பாருங்க: அஞ்சு சிஎம்எஸ்ல கட்டிப் பார்த்த அனுபவம்

வெப்சைட் கட்ட எந்த சிஎம்எஸ் (கட்டுரைய எழுதி, திருத்தி, சைட்ல வெளியிட உதவுற சாஃப்ட்வேர்) எடுக்கலாம்னு கேட்டா எல்லாரும் மொதல்ல தீம் காட்டுவாங்க, டெமோ காட்டுவாங்க, அஞ்சே நிமிஷத்துல இன்ஸ்டால் ஆயிடும்பாங்க. நான் கேக்கச் சொல்றது ஒரே ஒரு கேள்விதான். மூணு வருஷம் கழிச்சு இதுல இருந்து கெளம்பணும்னா எழுதினதெல்லாம் முழுசா கையோட வருமா? இத மொதல்லயே கேக்காம விட்டதுக்கு எங்க குழுவுக்கு ரெண்டு மாசம் போச்சு, அதனாலதான் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்.

நாங்கன்னா செடி, மரம், பூச்சி பத்தி எழுதுற ஒரு சின்னக் குழு. ஆறு பேர் எழுதுறோம், அதுல கோடிங் தெரிஞ்சது நான் ஒருத்தன்தான். கட்டுரைங்க ஒரு பக்கம், அது போக ஒவ்வொரு செடிக்கும் தனிப் பக்கம் வேணும், அதுல தாவரவியல் பேரு, பூக்குற மாசம், எந்த மண்ணுல வளரும், இலையோட படம்னு எல்லாத்துக்கும் ஒரே அமைப்புல தகவல் இருக்கணும், பூக்குற மாசத்த வச்சுத் தேடுனா லிஸ்ட் வரணும், எல்லாமே தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கணும். ஆரம்பத்துல ஒரு ரெடிமேட் சர்வீஸ்ல போட்டிருந்தோம், பேர் வேணாம், பெட்டிய இழுத்து இழுத்து வச்சுக் கட்டுற வகை. கட்டுன வேகத்துக்கு அது பிரமாதம், ஒரு சாயங்காலத்துல சைட் ரெடி.

ரெண்டாவது மொழி சேக்கணும்னு வந்தப்பதான் அது எங்களுக்குத் தேவைப்பட்ட மாதிரி அமையல. சரி வேற எடத்துக்கு மாத்திக்கலாம்னு எக்ஸ்போர்ட் எங்க இருக்குன்னு தேடுனா செட்டிங்ஸ் முழுக்க அலசியும் அப்படி ஒண்ணே கெடையாது. 340 கட்டுரை, ஒவ்வொண்ணா தொறந்து காப்பி எடுத்து ஒட்டுனோம், படமெல்லாம் சின்ன சைஸ்லதான் எறங்குச்சு, ஒரிஜினல் பாதிக்கு மேல யார்கிட்டயும் இல்ல, வெளியான தேதிய கையால அடிச்சோம், பழைய லிங்க் அத்தனையும் செத்துப்போச்சு. கமெண்ட் எதுவுமே வரல. ஒரு வாசகர் தன் வீட்டுச் செடியில இருந்த கம்பளிப்பூச்சி கூடு கட்டி வெளிய வர்ற வரைக்கும் பதினோரு நாள் விடாம கமெண்ட்ல எழுதிட்டு வந்தாரு, அது இப்ப எங்கயும் இல்ல. மத்ததெல்லாம் திரும்பச் செஞ்சுக்கலாம், அத யார் திரும்ப எழுதுவா.

இந்த மாதிரி மூடின சர்வீஸ் எல்லாமே ஒரே ரகம்னும் சொல்ல முடியாது. ஸ்கொயர்ஸ்பேஸ்ல உள்ளடக்கத்துல ஒரு பகுதிய வேர்ட்பிரஸ் புரிஞ்சுக்குற எக்ஸ்எம்எல் ஃபைலா எடுக்கலாம், விக்ஸ்ல கட்டுன சைட்ட அப்படியே தூக்கி வேற ஹோஸ்டிங்ல (சைட்ட வைக்க வாடகைக்கு எடுக்குற சர்வர் எடம்) வைக்க முடியாது. ரெண்டுமே தங்களோட உதவிப் பக்கத்துல இத வெளிப்படையாத்தான் சொல்றாங்க, அதனால கார்டு நம்பர் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தப் படிச்சுடுங்க. ஒரே பக்கம், நாலு போட்டோ, ஒரு போன் நம்பர்னு சைட் வேணும்னா இதுலயே கட்டிட்டுப் போங்க, தப்பே இல்ல, ஏன்னா அத திரும்பக் கட்ட ஒரு நாள் போதும்.

எங்களுக்கு அது போதாது, அதனால கோட யாரு வேணா எடுத்துப் பயன்படுத்தலாம்னு தொறந்து விட்ட ஓப்பன் சோர்ஸ்ல அஞ்சு எடுத்துக்கிட்டேன். வேர்ட்பிரஸ், ஜூம்லா, ட்ரூபல், கோஸ்ட், ஹ்யூகோ. அஞ்சுலயும் ஒரே வேலைதான், 40 செடிப் பக்கம், 20 கட்டுரை, ரெண்டு மொழி, எழுதுறவங்களுக்கு ஒரு உரிமை எடிட்டருக்கு ஒரு உரிமை, அப்புறம் எல்லாத்தையும் வெளிய எடுத்து இன்னொரு எடத்துல போட்டுப் பாக்குறது. கடைசி வேலைக்குத்தான் நான் அதிக மார்க் வச்சேன்.

வேர்ட்பிரஸ்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். இதோட பொறப்பே நான் சொல்ல வர்ற விஷயத்துக்கு ஒரு சாட்சி. பி2ன்னு ஒரு பழைய ப்ளாக் சாஃப்ட்வேர் இருந்துச்சு, அத எழுதுனவரு தொடராம நிறுத்திட்டாரு, ஆனா அது யாரு வேணா கோட எடுத்து மாத்தி வெளியிடலாம்ங்கிற ஜிபிஎல் லைசென்ஸ்ல இருந்ததால மேட் முல்லன்வெக், மைக் லிட்டில்னு ரெண்டு பேர் அந்தக் கோட எடுத்து 2003 மே மாசம் வேர்ட்பிரஸ்னு வெளியிட்டாங்க. மூடின சர்வீஸா இருந்திருந்தா அன்னைக்கே கதை முடிஞ்சிருக்கும். இன்னைக்கு உலகத்துல இருக்குற வெப்சைட்ல பத்துக்கு நாலு இதுலதான் ஓடுது. புதுசா வர்றவங்க கொழம்புற எடம் ஒண்ணு இருக்கு, வேர்ட்பிரஸ் டாட் காம்ங்கிறது ஒரு கம்பெனி தன்னோட சர்வர்ல வச்சு நடத்துற சேவை, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்ல இருந்து எறக்கி நம்ம ஹோஸ்டிங்ல போடுறது வேற. நான் சொல்றதெல்லாம் ரெண்டாவதப் பத்தித்தான்.

எழுதுற எடம் 2018 டிசம்பர்ல 5.0 வந்தப்ப மாறிச்சு, பத்திக்கு ஒரு பிளாக், படத்துக்கு ஒரு பிளாக்னு. எங்க குழுவுல வயசுல மூத்தவங்க ரெண்டு பேருக்கு அது மொத நாள் பிடிக்கல, அவங்களுக்கு பழைய திரைய திரும்பக் குடுக்குற கிளாசிக் எடிட்டர்ங்கிற ப்ளகின் (கூடுதல் வசதிக்குச் சேக்குற துணை சாஃப்ட்வேர்) போட்டுக் குடுத்தேன், ஒரு மாசத்துல அவங்களே பிளாக்குக்கு வந்துட்டாங்க. எனக்குப் பிடிச்சது உள்ள அது சேமிக்கிற விதம். பிளாக் தகவல எச்டிஎம்எல் கமெண்ட்டா (ப்ரௌசர் காட்டாம விட்டுடுற குறிப்பு) வச்சுட்டு நடுவுல சாதாரண எச்டிஎம்எல்லாவே கட்டுரைய வைக்குது, நாளைக்கு வேர்ட்பிரஸே இல்லாட்டியும் அந்த எழுத்து எந்த ப்ரௌசர்லயும் தொறக்கும்.

இதுக்கு நேர் எதிர், பெட்டிய இழுத்து வச்சுப் பக்கம் கட்டுற பேஜ் பில்டர் ப்ளகின்கள்ல சிலது. நான் வேற ஒருத்தருக்கு உதவி பண்ணப் போன சைட்ல ஒரு பேஜ் பில்டர் போட்டிருந்தாங்க, ரெண்டு வருஷமா அதுலயே 90 பக்கம் கட்டிட்டாங்க, லைசென்ஸ் முடிஞ்சதும் வேணாம்னு ப்ளகின நிறுத்தினா பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிக்குள்ள ஷார்ட்கோடா (அந்த ப்ளகினுக்கு மட்டுமே புரியுற குறியீடு) நிக்குது, ஒரு வரி எழுத்துக்கு நாலு வரி குப்பை. அதனால எந்த ப்ளகின் போட்டாலும் மொதல்ல ஒரு டெஸ்ட் சைட்ல போட்டு, ரெண்டு பக்கம் கட்டி, ப்ளகின நிறுத்திட்டு என்ன மிஞ்சுதுன்னு பாருங்க. மிஞ்சுறதுதான் உங்களோடது.

எக்ஸ்போர்ட் பட்டன் டூல்ஸ் மெனுவுலயே இருக்கு, கட்டுரை, பக்கம், கமெண்ட், வகை, டேக் எல்லாம் ஒரே எக்ஸ்எம்எல் ஃபைல்ல வரும். கமெண்ட் வருதுன்னு பாத்ததும் எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த ஃபைல்ல படம் இருக்காது, படத்தோட முகவரிதான் இருக்கும், புது சைட் பழைய சைட்ல இருந்து படத்த எறக்கிக்கும். பழைய ஹோஸ்டிங்க மூடிட்டு அப்புறமா இம்போர்ட் பண்ணா ஒரு படமும் வராது. அதனால எக்ஸ்எம்எல்ல மட்டும் பேக்கப்னு நம்பாதீங்க, டேட்டாபேஸ் டம்ப்பும் (எழுத்தெல்லாம் இருக்குற டேட்டாபேஸோட முழு நகல்) படம், தீம், ப்ளகின் எல்லாம் இருக்குற டபிள்யூபி கன்டென்ட் ஃபோல்டரும் சேந்ததுதான் முழு பேக்கப்.

செடிப் பக்கத்துக்கு கஸ்டம் போஸ்ட் டைப் (நாமளே உருவாக்கிக்கிற பக்க வகை) போட்டேன், 2010ல வந்த 3.0ல இருந்தே இது நல்லா இருக்கு. ஃபீல்டு எல்லாம் போஸ்ட்மெட்டான்னு ஒரே டேபிள்ல பேரு, மதிப்புன்னு நீளமா அடுக்கி வைக்கும், 40 பக்கத்துக்கு ஒண்ணும் தெரியாது, ஆயிரக்கணக்குல போய் நாலஞ்சு ஃபீல்ட சேத்து ஃபில்டர் பண்ணா மெதுவாகும். அதனால பூக்குற மாசம், மண்ணு வகை மாதிரி தேடப் போற விஷயத்த மெட்டாவா வைக்காம டாக்ஸானமியா (வகை, டேக் மாதிரி பிரிச்சு வைக்கிற முறை) வச்சேன், அது வேகமாவும் இருக்கு எக்ஸ்போர்ட்லயும் சுத்தமா வருது.

ரெண்டு மொழி வேர்ட்பிரஸ் கோர்ல (ப்ளகின் எதுவும் சேக்காத அடிப்படை சாஃப்ட்வேர்ல) கெடையாது, ப்ளகின்தான். பாலிலாங் போட்டேன், அது மொழிய ஒரு டாக்ஸானமியா வச்சுக்குது, ஒவ்வொரு மொழிபெயர்ப்பும் ஒரு தனிப் போஸ்ட். ப்ளகின எடுத்துட்டா ரெண்டு மொழிக் கட்டுரையும் ஒரே வரிசையில கலந்து நிக்கும், ஆனா ஒரு எழுத்தும் போகாது. நான் மேல சொன்ன சோதனையில பாஸ்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இதுல ஒரு சிக்கல் இருக்கு, இத யாரும் சொல்லி நான் படிச்சதில்ல, நானே முட்டிக் கண்டுபிடிச்சது. தலைப்பு தமிழ்ல இருந்தா வேர்ட்பிரஸ் அதையே ஸ்லக்கா (லிங்க்கோட கடைசிப் பகுதியா) போடும், போடுறப்ப ஒவ்வொரு குறியையும் சதவீதக் குறி வச்ச எழுத்தா மாத்திக்கும். எழுத்த கம்ப்யூட்டர்ல சேமிக்கிற யூனிகோட் யுடிஎஃப் 8 முறையில ஒரு தமிழ்க் குறிக்கு மூணு பைட், ஒரு பைட்டுக்கு மூணு எழுத்து, ஆக ஒரு குறிக்கு ஒம்போது எழுத்து. ஸ்லக்குக்கு இருக்குற எடம் மொத்தம் 200 எழுத்துதான். கணக்குப் போட்டா 22 குறியோட முடிஞ்சிடுது, அதுலயும் 'கி'ன்னா க ஒண்ணு, இகரக் குறி ஒண்ணுன்னு ரெண்டா எண்ணும். கொஞ்சம் நீளமான தலைப்பு வச்சா லிங்க் பாதி வார்த்தையில அறுந்து நிக்கும், அத யாருக்காவது அனுப்பினா ஒரு முழ நீளத்துக்கு எண்ணும் எழுத்துமா வரும். பப்ளிஷ் அடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்லக்க சின்னதா, ரோமன் எழுத்துல கையால போட்டுடுங்க. அப்புறம் மாத்துனா ஏற்கனவே அனுப்பின லிங்க் மாறிடும்.

பாதுகாப்பு பத்தி நெறைய பேர் பயமுறுத்துவாங்க. ஓட்டை பெரும்பாலும் வர்றது கோர்ல இல்ல, ப்ளகின்லயும் தீம்லயும்தான். சின்ன வெர்ஷன் அப்டேட் எல்லாம் 2013ல வந்த 3.7ல இருந்து தானாவே போட்டுக்குது. ப்ளகின் எண்ணிக்கைய ஒத்தை எலக்கத்துல வச்சுக்கோங்க, ரெண்டு வருஷமா அப்டேட் ஆகாத ப்ளகின தொடாதீங்க, பாதி பிரச்சனை அங்கயே தீந்துடும்.

ஜூம்லா பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். மேம்போன்னு ஒரு சிஎம்எஸ்ல நிர்வாகத்துக்கும் டெவலப்பர்களுக்கும் ஒத்துப்போகாம, 2005ல டெவலப்பர்கள் கோட எடுத்துட்டு வெளிய வந்து ஆரம்பிச்சது, ஸ்வாஹிலி மொழியில எல்லாரும் சேந்துங்கிற மாதிரி அர்த்தம் வர்ற வார்த்தையில இருந்து வந்த பேரு. ரெண்டு மொழி கோர்லயே இருக்கு, 2011ல வந்த 1.6ல இருந்து, யாரு எதத் தொடலாம்ங்கிற உரிமையும் வேர்ட்பிரஸ்ஸ விட நுணுக்கமா பிரிக்கலாம். ஆனா இங்க ஒரு பக்கத்தோட முகவரி, அதோட அமைப்பு ரெண்டுமே மெனு ஐட்டத்தோட ஒட்டி இருக்கு, கட்டுரை எழுதிட்டேன் சைட்ல எங்க இருக்குன்னு எங்க ஆளுங்க மூணு பேரும் ஒரே கேள்வியத்தான் கேட்டாங்க. வெளிய எடுக்கணும்னா நேரா டேட்டாபேஸ்ல கை வைக்கிறதுதான் நம்பகமான வழி, அது எனக்கு ஓகே, நான் இல்லாத அன்னைக்கு அவங்களுக்கு?

ட்ரூபல் பத்தி கொஞ்சம் அதிகமாவே பேசணும், ஏன்னா மனசு அதுலதான் இருந்துச்சு. எங்க செடிப் பக்கம் மாதிரி விஷயத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. கன்டென்ட் டைப்ப உருவாக்கி, ஃபீல்டா சேத்து, இந்த மாசம் பூக்குற, செம்மண்ணுல வளர்ற செடியெல்லாம் பேர் வரிசையில காட்டுன்னு வியூஸ்ங்கிற லிஸ்ட் எடுக்குற கருவியில கேட்டா ஒரு வரி கோட் இல்லாம லிஸ்ட் வருது. ஒவ்வொரு ஃபீல்டும் தனித்தனி டேபிள்ல ஒழுங்கா இருக்கு. மொழிபெயர்ப்பும் கோர்லயே, ஃபீல்டு ஃபீல்டா செய்யலாம், அதாவது தாவரவியல் பேரு ரெண்டு மொழிக்கும் பொது, விளக்கம் மட்டும் மொழிக்கு ஒண்ணு. இத வேற எதுலயும் இவ்ளோ அழகா நான் பாக்கல. பெரிய நிறுவனம், பல்கலைக்கழகம், நூலகம்னு ஆயிரக்கணக்குல பக்கமும் சம்பளத்துக்கு டெவலப்பரும் இருக்குற எடம்னா யோசிக்கவே வேணாம், ட்ரூபல்.

எங்களுக்கு ஏன் இல்லன்னா வெர்ஷன் மாறுற கதைதான். 2015 நவம்பர்ல வந்த ட்ரூபல் 8 உள்ள கிட்டத்தட்ட புது சாஃப்ட்வேர், சிம்ஃபொனிங்கிற பிஎச்பி ஃபிரேம்வொர்க் மேல கட்டினது, 7ல இருந்தவங்க அப்டேட் பட்டன் அடிச்சுப் போக முடியாது, புது சைட் கட்டி டேட்டாவ மைக்ரேட் பண்ணணும், தீம் திரும்ப எழுதணும். நெறைய சைட் 7லயே நின்னுடுச்சு. 2011 ஜனவரியில வந்த அந்த 7க்கு ஆதரவு நிறுத்துற தேதிய தள்ளித் தள்ளி கடைசியா 2025 ஜனவரி 5ல தான் நிறுத்தினாங்க, கிட்டத்தட்ட பதினாலு வருஷம். 7ஓட பாணிய விட மனசில்லாதவங்க பேக்ட்ராப்னு தனியா ஒரு சிஎம்எஸ்ஸே ஆரம்பிச்சுட்டாங்க. 8க்கு அப்புறம் வர்ற தாவல் எல்லாம் இந்த அளவுக்கு வலிக்காது, அது நெஜம், ஆனா கம்போசர்ங்கிற இன்ஸ்டால் கருவி, கமாண்ட் லைன் தெரிஞ்ச ஒரு ஆள் எப்பவும் பக்கத்துல வேணும். இன்னொண்ணு, 2014 அக்டோபர்ல ட்ரூபல் 7 கோர்ல ஒரு பெரிய ஓட்டை வந்துச்சு, பேட்ச் (ஓட்டைய அடைக்கிற திருத்தம்) வெளியான ஏழு மணி நேரத்துக்குள்ள போடாத சைட் எல்லாம் உடைக்கப்பட்டதாவே வச்சுக்கோங்கன்னு அவங்க பாதுகாப்புக் குழுவே அறிவிச்சாங்க. மறைக்காம சொன்னது பெரிய நேர்மை, எனக்கு அவங்க மேல மரியாதை கூடிச்சு. அதே சமயம் ஏழு மணி நேரத்துல பேட்ச் போட எங்க குழுவுல யாரு முழிச்சிட்டு இருப்பா?

கோஸ்ட் எழுதுறவங்களுக்கான எடம். 2013ல கிக்ஸ்டார்ட்டர்ங்கிற நிதி தெரட்டுற சைட்ல பணம் தெரட்டி ஆரம்பிச்சது, லாப நோக்கம் இல்லாத அறக்கட்டளைதான் நடத்துது. வெள்ளைத் திரை, கர்சர், அவ்ளோதான், உக்காந்தா எழுத வருது. உறுப்பினர் சந்தா, மெயில்ல கட்டுரை அனுப்புறது எல்லாம் உள்ளயே இருக்கு, ஒரு தனி ஆள் எழுதி வாசகர்கள்கிட்ட நேரா பணம் வாங்கணும்னா இத விட்டுட்டு வேற தேட வேணாம். மொத்தக் கட்டுரையும் ஒரே ஜேசன் ஃபைலா எறங்கும், படத்த மட்டும் தனியா எடுத்துக்கணும். எங்களுக்கு ஒத்து வராதது ரெண்டு. செடிப் பக்கத்துக்கான ஃபீல்டு அமைப்பு கெடையாது, அப்புறம் வேர்ட்பிரஸ் மாதிரி பிஎச்பியில இல்லாம நோட் ஜேஎஸ்ல ஓடுறதால பிஎச்பிக்குன்னு வாங்கின சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்ல ஓடாது, தனி சர்வர் பாத்துக்கணும்.

ஹ்யூகோ சிஎம்எஸ்ஸே இல்ல, ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர். மார்க்டவுன் ஃபைல்ல (எளிய குறிகள் சேத்த சாதா டெக்ஸ்ட்) எழுதுறோம், மேல நாலு வரியில பேரு, மாசம், மண்ணுன்னு தகவல், அது எச்டிஎம்எல்லா மாத்திக் குடுக்குது, அந்த ஃபோல்டர எங்க வேணா தூக்கி வைக்கலாம். டேட்டாபேஸ் இல்ல, லாகின் பக்கம் இல்ல, உடைக்க ஒண்ணும் இல்ல. ரெண்டு மொழி உள்ளயே இருக்கு. எக்ஸ்போர்ட்ங்கிற கேள்வியே இங்க வராது, ஏன்னா எழுத்து எப்பவும் உங்க கம்ப்யூட்டர்லயே சாதா டெக்ஸ்ட்டா கெடக்குது, நோட்பேட்ல தொறந்தாலும் படிக்கலாம். நான் வச்ச கேள்விக்கு முழு மார்க் வாங்கினது இது ஒண்ணுதான். ஆனா ஃபைல்ல செஞ்ச மாற்றத்தயெல்லாம் பதிஞ்சு வைக்கிற கிட்ங்கிற கருவின்னா என்னன்னு அஞ்சு பேருக்கு நான் பாடம் எடுக்கணும். டீகேப் மாதிரி ஒரு எழுதுற திரைய மேல வைக்கலாம், வச்சும் பாத்தேன், சேவ் அடிச்சதும் சைட்ல உடனே தெரியாம கொஞ்ச நேரம் கழிச்சு வர்றதுல அவங்களுக்கு ஒரு பதட்டம், போச்சா வந்துச்சான்னு போன் மேல போன். கமெண்ட்டுக்கும் வெளி சேவையத்தான் நம்பணும், அது எங்களுக்கு வேணவே வேணாம்.

ஸ்ட்ராப்பி மாதிரி ஹெட்லெஸ் வகையும் இருக்கு, உள்ளடக்கம் ஒரு எடம், காட்டுறது வேற எடம். ஒரே தகவல மொபைல் ஆப்புக்கும் சைட்டுக்கும் குடுக்கணும்னா அது சரி. ஒரே ஒரு சைட்டுக்கு அது ரெண்டு சைட் பராமரிக்கிற வேலை.

கடைசியா நம்ம ஹோஸ்டிங்ல வேர்ட்பிரஸ் போட்டோம். டிஃபால்ட் தீம், ஏழு ப்ளகின், பேஜ் பில்டர் கெடையாது. செடிக்கான போஸ்ட் டைப்ப தீம்ல எழுதாம தனி ப்ளகினா எழுதி வச்சிருக்கேன், தீம் மாத்தினா செடி காணாமப் போயிடக் கூடாதுல்ல. மாசத்துக்கு ஒரு தடவ டேட்டாபேஸையும் ஃபோல்டரையும் எறக்கி என் லேப்டாப்ல ரிஸ்டோர் பண்ணி, ஏதாவது அஞ்சு கட்டுரைய தொறந்து படமும் கமெண்ட்டும் இருக்கான்னு பாக்குறேன். மொத தடவ அரை நாள் ஆச்சு, ஃபோல்டர் பர்மிஷன்ல மாட்டிக்கிட்டேன், இப்ப 40 நிமிஷம். போன மாசம் இத நான் செய்யல, குழுவுல இன்னொருத்தர உக்கார வச்சு நான் பக்கத்துல கைய கட்டிட்டு இருந்தேன், எழுதி வச்ச குறிப்பப் பாத்து அவங்களே ஒன்றரை மணி நேரத்துல முடிச்சுட்டாங்க. குறிப்புல ரெண்டு எடத்துல தடுக்கினாங்க, அந்த ரெண்டு வரியத் திருத்தி வச்சிருக்கேன், அடுத்த மாசம் மூணாவது ஆள்.